சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் பகுதிநேர வேலை: வெள்ளவத்தை நிலையமொன்றின் சேவை குறித்து

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றின் மாடிக் கட்டடத்தில், பாடசாலை மாணவருக்குப் பகுதிநேர வேலையும் வேலை அனுபவமும் தேடிக்கொடுக்கும் சிறு நிலையமொன்று இயங்கி வருகிறது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதிவிட்டு உயர்தர வகுப்புக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே அங்கு பெரும்பாலும் வருகிறார்கள். கொழும்பின் தமிழ்மொழிமூலப் பாடசாலையொன்றில் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியை என்ற முறையில், 2025 மார்ச் பரீட்சைக்குப் பின்னர் எங்கள் மாணவர் சிலரைப் பெற்றோரின் சம்மதத்துடன் அங்கே அனுப்பி, அவர்கள் வேலையில் சேர்ந்தது முதல் விலகும் வரை தொடர்ந்து விசாரித்து வந்தேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். குறைகளை அதன் பணிப்பாளரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன்; திருத்திக்கொள்ள அவருக்கு அவகாசம் கொடுப்பதே நியாயம். எத்தனை பேருக்கு இடம் பிடித்துக் கொடுத்தோம் என்பதைத்தான் இத்தகைய நிலையங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். பிள்ளையைக் கடையிலோ கந்தோரிலோ சேர்த்துவிட்ட பிறகு நிலையம் என்ன செய்கிறது என்பதையே நான் கவனித்தேன். அந்தக் கணக்கில் இந்த நிலையத்துக்குச் சேர்க்கும் வரைக்கும் நல்ல புள்ளியும், சேர்த்த பின்னருக்குக் குறைந்த புள்ளியும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சேவைக்குத் தேவை ஏற்பட்ட சூழலைச் சற்றுச் சொல்ல வேண்டும். முன்னர் டிசம்பரில் பரீட்சை நடந்த காலத்தில், அது முடிந்ததும் நத்தார், தைப்பொங்கல் என்று போய், பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு பரீட்சை மாதம் ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டிருக்கிறது. 2024 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2025 மார்ச் 17 முதல் 26 வரை நடந்தது; பெறுபேறு யூலையில் வெளியானது. இடைப்பட்ட மூன்றரை மாதமும் முழுமையாகக் கையில் கிடைத்தது என்று சொல்வதற்கும் இல்லை. பரீட்சை முடிந்த அடுத்த வாரமே உயர்தர டியூஷன் வகுப்புகளின் சுவரொட்டிகள் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை ஒட்டப்பட்டுவிடும். அதற்கு முந்தைய ஆண்டில், மே மாதப் பரீட்சை முடிந்த கையோடு யூன் தொடக்கத்திலேயே உயர்தர வகுப்புகளை ஆரம்பிக்குமாறு கல்வி அமைச்சே பணித்தது. ஆகவே, வேலை அனுபவம் என்று எதைக் கொடுப்பதானாலும் அது டியூஷன் நேர அட்டவணைக்குள் அடங்க வேண்டும். காலை எட்டரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை என்று பெரும்பாலான இடங்களுக்கு நிலையம் நேரம் ஒதுக்கியிருப்பது இந்த நிலைமையை அறிந்து செய்த ஏற்பாடு என்றே தெரிகிறது.

பெற்றோரின் மனநிலை மற்றொரு தடை. "என்ன டீச்சர், நாங்கள் பிள்ளைக்குச் சாப்பாடு போடாமலா இருக்கிறோம்?" என்று கேட்ட தாய்மாரும் உண்டு. செட்டியார் தெருவிலோ பிரதான வீதியிலோ தகப்பனின் கடையில் பிள்ளை விடுமுறை முழுவதும் கல்லாவில் உட்கார்ந்தால் அது பொறுப்பு. அடுத்தவர் கடையில் சம்பளத்துக்கு நின்றால் அது குறைச்சல் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. இதை நிலையத்தினர் வாதாடிக் கரைக்க முயல்வதில்லை. பெற்றோரை முதலில் ஒரு கூட்டத்துக்கு அழைத்து, எந்த வகை இடம், எத்தனை மணி நேரம், யார் பொறுப்பு என்பதை மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது.

சேர்க்கும் முறையைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. முதலில் பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறார்கள். பெண்கள், இளம் ஆட்கள் மற்றும் சிறுவர்களை வேலைக்கமர்த்தும் 1956 ஆம் ஆண்டுச் சட்டம் 2021 இல் திருத்தப்பட்டதிலிருந்து, வேலைக்கமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்ந்துள்ளது; கட்டாயக் கல்வி வயதும் 2016 முதல் 16 தான். சாதாரண தரம் எழுதும் வகுப்பில் 16 வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கும் பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். அப்படி ஒரு மாணவனின் தந்தை, "இன்னும் கொஞ்ச நாள்தானே, கண்டும் காணாமல் விடுங்கள்" என்று கேட்டபோது, பிறந்தநாளுக்குப் பிறகு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டணம் வாங்கும் ஒரு நிறுவனம், வந்த காசைத் திருப்பி அனுப்புவது கொழும்பில் நாள்தோறும் நடக்கும் காரியமல்ல. 18 வயதுக்குட்பட்டோரை அபாயகரமான வேலைகளில் அமர்த்தக்கூடாது என்பதையும் கருத்திற்கொண்டு, இயந்திரப் பட்டறைகளையும் கட்டட வேலைத்தளங்களையும் அவர்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. வீட்டு வேலைக்கு எவரையும் அனுப்புவதுமில்லை. டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்த 16 வயதுச் சிறுமி 2021 யூலையில் தீக்காயங்களுடன் தேசிய வைத்தியசாலையில் உயிரிழந்ததை மறக்காத பெற்றோருக்கு, இதை முதற்கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்வது அவசியமாக இருக்கிறது, நிலையத்தினரும் சொல்கிறார்கள்.

அடுத்து, பெற்றோரை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பிள்ளையுடன் தனியாகக் கதைக்கிறார்கள். என்ன வேலை விருப்பம் என்பதைக் காட்டிலும் எந்த பஸ்ஸில் வருவாய், டியூஷன் எங்கே, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதையே அதிகம் கேட்கிறார்கள். முதலில் இது எனக்கு ஏமாற்றமாகத்தான் பட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால் அதில் விவேகம் இருக்கிறது. முகத்துவாரத்திலிருந்து வரும் பிள்ளைக்கு 155 பஸ் போகும் வழியிலும், கல்கிசைப் பிள்ளைக்கு 100, 101 ஓடும் காலி வீதியிலும் இடம் பார்த்துக் கொடுப்பதால், இரண்டு பஸ் மாறி, சம்பளத்தில் பாதியைப் போக்குவரத்துக்கே கொட்டும் நிலை ஏற்படவில்லை. வீடு தூரம் என்று இடையில் விட்டுவிட்டு வந்தவர் எங்கள் பிள்ளைகளில் எவருமில்லை.

வேலைக்கு அனுப்புமுன் மூன்று நாள் ஆயத்த வகுப்பொன்று நடத்துகிறார்கள். தொலைபேசிக்குப் பதில் சொல்வது, வங்கியில் பணம் வைப்பிலிடும் படிவத்தை நிரப்புவது, பில் எழுதுவது, மின்னஞ்சலில் விடுமுறை கேட்பது என்று எல்லாம் நடைமுறை விடயங்கள். தன்னம்பிக்கை, தலைமைத்துவம் என்று மேடைப் பேச்சாளரை அழைத்து நேரத்தைக் கொல்லவில்லை. இதில் மிகச் சிறந்த பகுதி காசு எண்ணும் பயிற்சி. காலையில் கல்லாவில் எவ்வளவு சில்லறையுடன் தொடங்குவது, வாடிக்கையாளர் கொடுத்த தாளை மீதி கொடுத்து முடிக்கும்வரை ஏன் தனியே வெளியில் வைத்திருக்க வேண்டும், மாலையில் பில் கணக்கும் கைக்காசும் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்பவற்றை உண்மையான நோட்டுகளை வைத்தே பழக்குகிறார்கள். கல்லாவில் காசு குறைந்தால் அதைப் பிள்ளையின் சம்பளத்தில் கழிக்கும் பழக்கம் சில கடைகளில் இருப்பதால், மாணவர் எவரும் கல்லாவுக்குத் தனியே பொறுப்பாக நிற்கக்கூடாது என்ற நிபந்தனையையும் கடைக்காரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை எழுதியவர் கடை அனுபவம் உள்ளவராகத்தான் இருக்க வேண்டும்.

கொடுத்த இடங்களைப் பொறுத்தவரை தரம் ஒன்றுபோல் இல்லை. மருந்துக்கடை, கணக்காய்வு நிறுவனம், புத்தகக்கடை, முன்பள்ளி, கணினி திருத்தும் கடை, புடவைக்கடை என்று இடங்கள் பலவாக இருந்தும், பெண்பிள்ளைகளை முன்பள்ளிக்கும் புடவைக்கடைக்கும், ஆண்பிள்ளைகளைக் கணினிக் கடைக்கும் மருந்துக்கடைக்கும் என்று ஏறக்குறைய முன்பே பிரித்து வைத்திருந்தார்கள். கணினிக் கடையை விரும்பிக் கேட்ட மாணவி ஒருத்திக்கு, "அங்கே பெடியன்கள் மட்டும்தான்" என்ற பதில்தான் கிடைத்தது. கேள்வியைக் கடைக்காரரிடம் எடுத்துச் செல்லாமல், அவர் சார்பில் தாமே பதில் சொல்லிவிட்டார்கள். நான் தலையிட்ட பிறகு கேட்டுப் பார்த்தார்கள். கடைக்காரர் மறுப்பேதும் சொல்லவில்லை.

மருந்துக்கடைக்குப் போன மாணவனின் அனுபவத்தை விரிவாகச் சொல்லலாம், ஏனெனில் இந்தச் சேவை எவ்வளவு நன்றாக அமையக்கூடும் என்பதற்கு அதுவே சான்று. மருந்து கொடுப்பது தகுதிபெற்ற மருந்தாளரின் வேலை. மாணவன் மருந்துச் சீட்டைத் தொடவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அவனுக்குக் கிடைத்தவை சரக்கு இறக்கி அடுக்குவதும் பில் போடுவதும் மட்டுமே. கேட்பதற்குச் சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் நிலையம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாட்குறிப்புக் கொப்பி கொடுத்து, அன்று செய்ததில் ஏதாவது ஒன்றுக்குக் காரணம் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. புதிதாக வந்த பெட்டிகளைப் பழையவற்றுக்குப் பின்னால் அடுக்கச் சொன்னது ஏன் என்று அவன் மருந்தாளரிடம் கேட்டு எழுதியிருந்தான்: காலாவதித் திகதி முந்தியது முன்னால் நிற்க வேண்டும், முந்தி வந்ததெல்லாம் முந்திக் காலாவதியாகும் என்று நினைக்கக்கூடாது, பிந்தி வந்த பெட்டியில் முந்திய திகதி இருக்கவும் கூடும், ஆகவே அடுக்குமுன் திகதியை வாசிக்க வேண்டும். இன்னொரு நாள், இன்சுலின் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையை ஏன் எழுதி வைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறான். 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் பயன்படாது என்ற பதிலுடன், மின்வெட்டு நேரத்தில் கதவைத் திறக்காமல் இருப்பதன் காரணத்தையும் சேர்த்து எழுதியிருந்தான். விஞ்ஞானப் பாடத்தில் சராசரிப் புள்ளி வாங்கிய மாணவன் அவன். அந்தக் கொப்பியை வாசித்த பிறகு, அவனுக்கு எந்தத் துறை பொருத்தம் என்ற என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

கணக்காய்வு நிறுவனத்துக்குப் போனவர்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. போட்டோப் பிரதி எடுப்பதும் கோப்பு அடுக்குவதுமாக நாள் போயிற்று. ஒரேயொரு மேற்பார்வையாளர் மட்டும், பாடசாலையில் படித்த வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை (நிறுவனத்தின் காசேட்டையும் வங்கி தரும் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை) உண்மையான வங்கிக் கூற்றொன்றை வைத்துச் செய்து பார்க்க விட்டிருக்கிறார்.

எதிர்பாராத பயன் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். கொழும்பிலே பிறந்து வளர்ந்து, இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களத்தைப் பாடசாலையிலும் படித்த நம் பிள்ளைகள் பலருக்கு, ஒரு வாடிக்கையாளருடன் நாலு வசனம் தொடர்ந்து பேச வராது. வீடு தமிழ், பாடசாலை தமிழ், டியூஷன் தமிழ். வெள்ளவத்தைக் கடைகளிலும் தமிழ் பேசியே சமாளித்துவிடலாம். புத்தகக்கடையில் நின்ற மாணவி, சிங்களத்தில் கேட்ட பொருளை விளங்கிக்கொள்ளாமல் முதல் வாரம் முழுவதும் பக்கத்தில் நின்ற அக்காவையே கூப்பிட்டுக்கொண்டிருந்ததாகவும், இறுதியில் மாற்றுப் பொருளை எடுத்துக்காட்டி விலை பேசும் அளவுக்கு வந்துவிட்டதாகவும் சொன்னாள். என்னுடன் தொலைபேசியில் கதைத்த கடை முதலாளியும் அதையே வியந்தார். நிலையத்தின் விளம்பரத் தாளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எந்தப் பயனை முதலில் எழுத வேண்டுமோ அதை விட்டுவிட்டு, 'எதிர்காலத்துக்கான திறவுகோல்' என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபாவாகவும் நாளொன்றுக்கு 1,080 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 2026 சனவரி முதல் அது 30,000 ரூபாவும் 1,200 ரூபாவும் ஆகும். எங்கள் பிள்ளைகள் வேலை செய்த காலத்து வீதத்தை எட்டு மணி நேர நாளுக்குப் பிரித்தால் மணிக்கு 135 ரூபா வரும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 17,550 ரூபா. மருந்துக்கடையும் புத்தகக்கடையும் இதைவிடச் சற்று அதிகமாகவே கொடுத்தன. ஆனால் நிலையத்தின் பட்டியலில் ஏறக்குறைய பாதி இடங்கள் 'பயிற்சிப் படி' என்ற பெயரில் மாதம் 8,000 ரூபா மட்டுமே கொடுக்கின்றன. அதே மணிக்கணக்கில் அது மணிக்கு 61 ரூபா சொச்சம். பயிற்சி என்றால் எதைப் பயிற்றினார்கள் என்ற கேள்வி எழுகிறது. புடவை மடித்து அடுக்குவதையும் தேநீர்க் கோப்பை எடுத்து வைப்பதையும் மாதக்கணக்கில் பயில வேண்டியதில்லை. இந்த இடங்களில் ஊழியர் சேமலாப நிதிக்கும் ஒன்றும் செலுத்தப்படுவதில்லை. தற்காலிகமாகவோ அமயமாகவோ வேலை செய்தாலும் ஊழியரின் பங்கு 8 சதவீதம், தொழில்வழங்குநரின் பங்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு மேலும் 3 சதவீதம் என்பதே சட்டம். மருந்துக்கடை மாணவனுக்கு 16 வயதிலேயே அங்கத்துவ இலக்கம் கிடைத்துவிட்டது. தொகை சிறியதுதான், ஆனால் சம்பளச் சீட்டைப் பார்த்து அது எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கம் அவனுக்கு வந்துவிட்டது.

நியமனக் கடிதம் எல்லாருக்கும் கிடைத்தது. வேலை நேரம், சம்பளம், பொறுப்பானவரின் பெயர், விலகுவதற்கான அறிவித்தல் ஆகியவை அதில் தெளிவாக உள்ளன. ஆனால் அது ஆங்கிலத்தில் மட்டுமே தரப்பட்டது. கையொப்பமிட வேண்டிய தாய் வாசிக்க முடியாத கடிதத்தில் தாயின் சம்மதம் என்று எதைச் சொல்வது? தமிழ்ப் பிரதி கேட்டபோது முகம் சுளிக்காமல் தட்டச்சுச் செய்து கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும் என்பதே குறை.

எல்லாவற்றிலும் பெரிய குறை கண்காணிப்பில் இருக்கிறது. பரீட்சை முடிந்த சூட்டோடு சித்திரைப் புத்தாண்டு வந்தது. புத்தாண்டுக்கு முந்திய இரண்டு வாரமும் கொழும்புப் புடவைக்கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. அப்படியொரு கடையில் சேர்க்கப்பட்ட மாணவியை, பிற்பகல் ஒன்றரைக்கு விட வேண்டியவர்கள், முதலில் நான்கு மணி வரைக்கும், பிறகு ஆறு மணி வரைக்கும், புத்தாண்டு நெருங்கியதும் இரவு ஒன்பது மணி வரைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உட்காருவதற்கு ஒரு முக்காலிகூட இல்லை. பிள்ளை டியூஷனைத் தவறவிட்டது மட்டுமல்ல, இரவில் தகப்பன் வந்து காத்திருந்து கூட்டிக்கொண்டு போக வேண்டிய நிலையும் ஏற்பட்டது. 18 வயதுக்குட்பட்டவர்களை இரவில் வேலை செய்விப்பதற்குச் சட்டத்தில் மட்டுப்பாடுகள் உண்டு என்பதை அந்தக் கடையில் ஒருவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நிலையம் இந்த நாட்களில் கடைக்கு ஒழுங்காகத் தொலைபேசி எடுத்துத்தான் இருக்கிறது. எடுத்தது முதலாளிக்கு. "பிள்ளை நன்றாகச் செய்கிறாள், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று அவர் சொன்னதை ஏட்டில் பதிந்து, சரி என்று அடையாளமும் இட்டிருக்கிறார்கள். பிள்ளையிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றே விடயம் தெரிந்திருக்கும். பிள்ளை தானாகச் சொல்லவில்லையே என்று பணிப்பாளர் என்னிடம் சொன்னார். முதன்முதலாக வேலைக்குப் போகும் 16 வயதுப் பிள்ளை, முதலாளியைப் பற்றி மூன்றாமவரிடம் முறையிடுவாள் என்று எதிர்பார்த்தால், சேர்க்கும்போது பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியே கதைத்ததன் பொருள்தான் என்ன? அந்த அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சேர்த்த பிறகு அதைப் பயன்படுத்தவில்லை.

விடயம் தெரிந்ததும் அவளை அங்கிருந்து விலக்கி ஒரு முன்பள்ளியில் சேர்த்தார்கள், தாமதமும் இல்லை. மேலதிக நேரத்துக்கான பணத்தை வாங்கிக் கொடுக்க மட்டும் அவர்களால் முடியவில்லை. முடியவில்லை என்பதைவிட, தொடர்ந்து இடம் கேட்க வேண்டிய கடையுடன் முகம் முறிக்க விரும்பவில்லை என்பதே சரி. இந்த இடத்தில்தான் கட்டணம் பற்றிய கேள்வியும் எழுகிறது. பிள்ளையிடமிருந்து பதிவுக் கட்டணமாக 2,500 ரூபாவும் முதல் மாதச் சம்பளத்தில் கால்வாசியும் வாங்குகிறார்கள். கடைக்காரரிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. காசு கொடுப்பவர் பிள்ளையாக இருக்க, நிலையம் தயவுக்குப் பார்த்திருப்பது கடையை. கடைதான் வருடந்தோறும் திரும்பி வரும். பிள்ளை ஒரு தடவைதான் வருவாள். கடைக்காரரிடம் கட்டணம் வாங்கினால், நாட்குறிப்பில் கையெழுத்திடுவது, வேலை நேரத்தைக் காப்பது போன்ற நிபந்தனைகளை அவர் தலையில் வைக்கவும் இலகுவாக இருக்கும். கட்டணம் பெறும் வேலைவாய்ப்பு முகவர் நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1956 முதல் நம் நாட்டில் உண்டு. ஆகவே எந்த நிலையத்துக்கும் பணம் கட்டுமுன், தொழில் திணைக்களத்தில் பெற்ற அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம். இந்த நிலையத்தில் அது சுவரிலேயே மாட்டப்பட்டிருக்கிறது.

இறுதியில் கொடுக்கும் சான்றிதழ் தடித்த தாளில், பொன்னிற ஓரத்துடன், கடின உழைப்பாளி, நேர்மையானவர் என்ற இரண்டு வரியோடு எல்லாருக்கும் ஒரே மாதிரி வருகிறது. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்த நாட்குறிப்புக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

பணம் கட்டாமல் போகக்கூடிய வழிகளும் இருக்கின்றன என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். 2017 இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழில்சார் பிரிவில், சாதாரண தரப் பெறுபேற்றைப் பாராமல் தரம் 12 இல் சேர்ந்து, படிப்பின் ஒரு பகுதியாகவே தொழில் நிலையத்தில் பயிற்சி பெறலாம். ராஜகிரியவில் தலைமையகம் உள்ள தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் பயிலுநர் பயிற்சிகளும், தொழிற்பயிற்சி அதிகார சபையின் கற்கைநெறிகளும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்கு இட்டுச் செல்பவை. ஏழு மட்டங்கள் கொண்ட அந்தக் கட்டமைப்பில் நான்காம் மட்டம் வரை சான்றிதழ், அதன் மேல் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டம். ஒரு தொழிலைக் கைக்கொள்வதென்று முடிவு செய்த பிள்ளைக்கு அவையே சிறந்தவை; அவர்களை இந்த நிலையத்துக்கு அனுப்பி மூன்று மாதத்தை வீணாக்க மாட்டேன். உயர்தரம் படிக்கப் போகிற, ஆனால் எந்தப் பிரிவு என்று தடுமாறுகிற பிள்ளைக்கோ அந்த நீண்ட பயிற்சிகள் பொருந்தா. அவர்களுக்குத்தான் இந்தச் சேவை பயன்படுகிறது. தெரிந்தவர் கடை இருப்பவர்கள் நேரடியாகவே கேட்டுச் சேரலாம், கட்டணம் மிச்சம். ஆனால் தெரிந்தவர் கடையில் நியமனக் கடிதம் கேட்க நமக்கு நா எழாது என்பதும் உண்மை.

உயர்தர வகுப்பு தொடங்கிய பிறகும் வார இறுதிகளில் வேலையைத் தொடரலாம் என்று நிலையம் ஊக்குவிப்பதை நான் ஆதரிக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டும் டியூஷனுக்குப் போகும் கொழும்புப் பிள்ளைக்குத் தூக்கத்திலிருந்துதான் அந்த நேரத்தை எடுக்க வேண்டியிருக்கும். வீட்டுக் கஷ்டத்தால் உழைத்தே ஆக வேண்டிய பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களிடம் இந்த நிலையம் பதிவுக் கட்டணம் வாங்காமல் விட்ட சந்தர்ப்பங்கள் எனக்குத் தெரியும், அதை அவர்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அடுத்த தொகுதிப் பிள்ளைகளையும் அங்கே அனுப்புவேன், ஆனால் புடவைக்கடைக்கும் 'பயிற்சிப் படி' இடங்களுக்கும் அனுப்பமாட்டேன் என்று பணிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். வாரம் ஒரு தடவை பிள்ளையுடனேயே, வேலை நேரம் முடிந்த பிறகு கதைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கட்டணத்தைக் கடைக்காரரிடம் வாங்குவது பற்றி யோசிப்பதாக மட்டும் சொன்னார்.

போக விரும்புவோருக்கு: அலுவலகம் கிழமை நாட்களில் பிற்பகலில் திறந்திருக்கும், மின்தூக்கி இல்லை, படிகள் செங்குத்தானவை. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை அதிபரின் கடிதம், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவை தேவை. நியமனக் கடிதத்தின் தமிழ்ப் பிரதியைப் பணம் கட்டுமுன் கேளுங்கள், கட்டிய பின் அல்ல. வேலை நேரம் மீறப்பட்டால் நிலையத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்கு வெள்ளவத்தையிலிருந்து 141 பஸ் போகிறது. பிள்ளைக்கு வேறு விதமான தொல்லை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளையின் தொலைபேசியிலும் பதிந்து கொடுங்கள்.